ராணிக்கு ஊட்டியவர்கள்

2009 பங்குனியில் சிங்கப்பூரிலிருந்து சின்ன அத்தை வந்திருந்தார். என் மாமியாரின் தங்கை. பெட்டியைத் திறந்து கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட் என்று ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்த பிறகு, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என் கையில் வைத்தார். அதன்மேல் தங்க நிறத் தாளில் கிரீடம் சூடிய ஒரு தேனீ. உள்ளே தேன் நிறத்தில் வழவழப்பான மாத்திரைகள்.

“தெனம் வெறும் வயித்துல ஒண்ணு போடு தாயி. ராணித் தேனீ இதத் தின்னுதான் ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் முட்டை போடுதாம்.”

“எனக்கு ஒண்ணு போதும் அத்தை” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்களுக்குத் திருமணமாகி அப்போது நான்கு ஆண்டுகள்.

அதற்கு முன்பே மலைவேம்புச் சாறு, செவ்வாழை, அத்திப்பழம், அரசமரம் சுற்றுதல் எல்லாம் ஆகியிருந்தன. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரேயும் ஆகியிருந்தது. அந்த வலியைப் பற்றி நான் இதுவரை ஒரு கவிதைகூட எழுதியதில்லை. இந்த வரிசையில் ராயல் ஜெல்லியும் சேர்ந்தது. மூன்று மாதம் விடாமல் போட்டேன். சிறு வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அந்தப் புட்டி காலியாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, இதை யார் முதலில் பெண்களுக்கான கருவள மருந்து என்று நினைத்தார்கள், யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். நான் அறிவியல் படித்தவள் அல்ல. முனைவர் பட்டம் தமிழில். ஆனால் உவமை எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். வினை, பயன், மெய், உரு என்று உவமைக்குத் தொல்காப்பியர் நான்கு அடிப்படைகளைச் சொல்கிறார். சின்ன அத்தை என் கையில் வைத்தது ஒரு பயன் உவமம். ராணிக்கு விளைந்தது உனக்கும் விளையும். செய்யுளில் உவமைக்குச் சான்று கேட்பதில்லை. மருந்துக்குக் கேட்க வேண்டும்.

*

முதலில் அந்த ராணியே நெடுங்காலம் ராஜாவாகத்தான் இருந்தாள். அரிஸ்டாட்டில் கூட்டின் பெரிய தேனீயை அரசன் என்றே குறிப்பிட்டார். வேலை செய்யும் தேனீக்கள் பெண்களாக இருக்க முடியாது என்பதற்கு அவர் காட்டிய காரணம், அவற்றுக்குக் கொடுக்கு இருக்கிறதே என்பது. போரிடும் ஆயுதத்தை இயற்கை எந்தப் பெண்ணுக்கும் கொடுப்பதில்லை என்று அவர் வாதிட்டார். கண்முன் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆயுதத்தோடு பறந்துகொண்டிருக்க, அவர்கள் பெண்கள் அல்லர் என்று முடிவு செய்வதே அவருக்கு எளிதாக இருந்தது.

1609இல் இங்கிலாந்தில் சார்லஸ் பட்லர் என்ற பாதிரியார் தேனீக்களைப் பற்றி எழுதிய நூலுக்குப் பெண் முடியாட்சி என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அதே நூற்றாண்டில் நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம் ‘அரசனை’ அறுத்துப் பார்த்து உள்ளே சூலகங்களைக் கண்டார். ராஜா ராணியானது இப்படித்தான். ஆனாலும் வேலைக்காரத் தேனீக்கள் இன்னும் பாலற்றவையாகவே கருதப்பட்டன.

அதை மாற்றியதில் ஒரு பெண்ணின் கை இருக்கிறது. ஜெனீவாவில் பிரான்சுவா ஹூபர் என்ற பார்வையிழந்த ஆய்வாளர் இருந்தார். அவருக்காகக் கூடுகளைத் திறந்து பார்த்தவர் பர்னென்ஸ் என்ற பணியாளர். படித்துக் காட்டியும் எழுதியும் துணை நின்றவர் மனைவி மரி எமே லுல்லன். ஹூபரின் நூல் 1792இல் வந்தது. ராணி வளரும் அறையில் தேனீக்கள் இடும் வெண்ணிறக் கூழுக்கு ‘அரச ஜெல்லி’ என்ற பெயர் நிலைத்ததும் அவரிடமிருந்துதான். அவருடைய நண்பர் வட்டத்தில் இருந்த இயற்கையியலாளர் லூயி ஷுரீனின் மகள் கிறிஸ்டீன், வேலைக்காரத் தேனீக்களை அறுத்து, அவற்றுக்குள் வளராத சூலகங்கள் இருப்பதைக் காட்டினார். 1814இல் வந்த ஹூபரின் இரண்டாவது பதிப்பில் அந்தப் பணி இடம்பெற்றது.

கூட்டில் வேலை செய்யும் அத்தனை பேரும் பெண்கள் என்பதை, அரிஸ்டாட்டிலுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஊசிமுனை அளவு உறுப்பைப் பிரித்தெடுத்து ஓர் இளம்பெண் கண்ணால் காட்டினார். எங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும் தேனீ வளர்ப்புப் புத்தகங்களில் ஹூபர் பெயர் இருக்கிறது. கிறிஸ்டீன் ஷுரீன் பெயர் இல்லை.

அடுத்து எழுந்த கேள்வி இயல்பானது. வேலைக்காரிக்கும் ராணிக்கும் முட்டை ஒன்றுதான். வேலைக்காரியாகப் போகும் புழுவுக்கு முதல் மூன்று நாள் கூழ் கிடைக்கும், பிறகு மகரந்தமும் தேனும் கலந்த உணவு. ராணியாகப் போகும் புழுவுக்குக் கடைசிவரை கூழ் மட்டும். ஒருத்தி பறக்கும் காலத்தில் ஐந்தாறு வாரம் உழைத்துச் சாகிறாள். இன்னொருத்தி சில ஆண்டுகள் வாழ்ந்து, பூக்காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் முட்டை இடுகிறாள். சின்ன அத்தை சொன்ன கணக்கு சரிதான். அப்படியானால் அந்தக் கூழில் என்ன இருக்கிறது?

*

இந்தக் கேள்வியை மனிதப் பெண்ணின் வயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டது 20ஆம் நூற்றாண்டின் ஆய்வகம்.

1922இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் காத்தரின் ஸ்காட் பிஷப்பும் ஒன்றைக் கண்டார்கள். குறிப்பிட்ட ஓர் உணவை மட்டும் உண்ட பெண் எலிகள் கருத்தரித்தன. ஆனால் கரு வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோனது. கீரையோ முளைக்கோதுமையோ சேர்த்தால் குட்டிகள் பிறந்தன. அந்தப் பொருளுக்குப் பிறகு வைட்டமின் ஈ என்று பெயர் வந்தது. அதன் வேதிப்பெயர் டோகோஃபெரால். கிரேக்கத்தில் ‘மகப்பேற்றைத் தாங்குவது’ என்று பொருள். மலட்டுத்தன்மையைப் போக்கும் வைட்டமின் என்ற பெயரோடுதான் அது உலகுக்கு அறிமுகமானது.

பத்தாண்டு கழித்து, 1932இல், ‘நேச்சர்’ இதழில் ஹில், பர்டெட் என்ற இருவரின் குறிப்பு வந்தது. ராயல் ஜெல்லியில் வைட்டமின் ஈ இருக்கிறது, ராணியின் கருவளத்துக்கு அது காரணமாகலாம் என்றது அந்தக் குறிப்பு. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தம்! பிள்ளைப்பேற்றின் வைட்டமினும் பிள்ளைப்பேற்றின் ராணியும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

1936இல் மேசனும் மெலம்பியும் அதைச் சோதித்தார்கள். வைட்டமின் ஈ இல்லாத உணவில் வளர்த்த பெண் எலிகளுக்கு ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். கரு கரையாமல் குட்டி பிறந்தால் அந்தப் பொருளில் வைட்டமின் இருக்கிறது, கரைந்துபோனால் இல்லை. அன்றைய சோதனை முறை அதுதான். ராயல் ஜெல்லியில் வைட்டமின் ஈ இல்லை என்பது அவர்களுடைய முடிவு. அடுத்த ஆண்டு, வைட்டமினைக் கண்டுபிடித்த எவன்ஸே கிளாடிஸ் எமர்சன் முதலியோருடன் சேர்ந்து இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பே ‘இருப்பதாகச் சொல்லப்படும்’ வைட்டமின் என்று தொடங்குகிறது.

வைட்டமின் போனதும் ஹார்மோன் வந்தது. 1920களின் கடைசியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் இருவரும் கர்ப்பத்தைக் கண்டறியும் சோதனையை உருவாக்கியிருந்தார்கள். பெண்ணின் சிறுநீரை முதிராத பெண் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டு, சில நாள் கழித்து அதைக் கொன்று, சூலகம் முதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அந்த முறை. சூலகத்தைத் தூண்டும் பொருள் எதில் இருந்தாலும் இப்படி வெளிப்பட்டுவிடும் என்பதால், பலவற்றையும் எலிக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். 1939இல் ‘சயின்ஸ்’ இதழில் ஹெயில் என்பவர், ராயல் ஜெல்லியில் அத்தகைய தூண்டுபொருள் இருக்கக்கூடும் எனக் காட்டும் ஒரு கவனிப்பு என்று எழுதினார். தலைப்பிலேயே எத்தனை தயக்கம்! 1940இல் அதே இதழில் மெலம்பியும் ஸ்டான்லியும் பதில் எழுதினார்கள். அவர்கள் செய்த சோதனையில் அந்த விளைவு இல்லை. அவர்களுடைய தலைப்பிலும் ‘சொல்லப்படும்’ என்ற அதே சொல்.

நான் இந்தத் தலைப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சொல்லப்படும், சொல்லப்படும். யாரால் சொல்லப்படும்? எட்டாண்டுகளுக்குள் ராயல் ஜெல்லி இருமுறை கருவள மருந்தாக முன்மொழியப்பட்டு, இருமுறை சோதனையில் தோற்றிருக்கிறது. அதற்கு அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து அது என் கையில் வந்து சேர்ந்தது. மறுப்பு இதழோடு நின்றுவிட்டது. உவமைதான் கடல் தாண்டி வந்தது.

*

மறுக்கப்பட்ட ஒன்று எப்படிப் புட்டிக்குள் போனது? அதில் ஒரு போப்பாண்டவருக்கும் பங்கு உண்டு. 1954இல் பன்னிரண்டாம் பயஸ் கடுமையாக நோயுற்றார். அவருக்கு ராயல் ஜெல்லி கொடுக்கப்பட்டதாகவும் உடல் தேறியதாகவும் செய்தி பரவியது. அப்போது அவருக்கு வயது 78. ராயல் ஜெல்லி வாணிபம் ஐரோப்பாவில் சூடுபிடித்தது அந்த ஆண்டுகளில்தான். பிரம்மச்சரிய விரதம் பூண்ட ஒரு முதியவரைத் தேற்றியதாகப் புகழ்பெற்ற பொருள் பிள்ளை வரம் தரும் மருந்தாகவும் விற்றது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பிறகு பெண்களிடமே நேராகச் சோதனைகள் நடந்தன. எகிப்தில் நடந்த ஓர் ஆய்வின் சுருக்கம் 2003இல் வெளிவந்தது. பொருள் தேனீப் பிசின், அதாவது புரோபோலிஸ். எண்டோமெட்ரியோசிஸ் லேசாக இருந்து கருத்தரிக்காத 40 பெண்கள். ஒரு பகுதியினருக்கு 500 மில்லிகிராம் பிசின் மாத்திரை நாளுக்கு இரண்டு, மறுபகுதியினருக்கு மருந்தற்ற மாத்திரை. ஒன்பது மாத முடிவில் முதல் பிரிவில் 60 சதவீதம் பேரும் இரண்டாவது பிரிவில் 20 சதவீதம் பேரும் கருத்தரித்ததாக அறிக்கை சொன்னது. மருந்தற்ற மாத்திரை விழுங்கியவர்களிலும் ஐந்தில் ஒருவர் கருத்தரித்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டாவது பிரிவு இல்லையென்றால் மொத்தப் பெருமையும் தேனீக்கே போயிருக்கும். நம் ஊரில் ‘இன்னாருக்கு இதைச் சாப்பிட்டு நின்றது’ என்று சொல்லும்போது அந்த இரண்டாவது பிரிவு எப்போதும் இருப்பதில்லை. 40 பேர் என்பது என் வகுப்பு ஒன்றின் அளவு. செய்தவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் அழைத்தார்கள். முன்னோட்டத்திலிருந்து மருந்துக்குப் போவதற்கு நெடுந்தூரம் இருக்கிறது. கடைத்தட்டுக்குப் போவதற்கு அத்தனை தூரம் இல்லை.

2008இல் அதே எகிப்திலிருந்து இன்னொரு ஆய்வு. இம்முறை தேனும் ராயல் ஜெல்லியும் கலந்த கலவை. தம்பதிகளின் குறை, விந்தணுக்களின் நகர்திறன் குறைவு. குறை ஆணிடம். மருந்து இடப்பட்டதோ பெண்ணின் யோனிக்குள், கருமுட்டை வெளிப்படும் நாட்களில், உடலுறவை ஒட்டி. கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் வழக்கமான சிகிச்சையைவிடப் பலன் கூடுதலாக இருந்ததாக ஆய்வு சொன்னது. பலனைப் பற்றி மருத்துவர்கள் பேசட்டும். நான் நின்றது வேறிடத்தில். குறை யாரிடம் இருந்தாலும் மருந்து போகும் இடம் ஒன்றாகவே இருக்கிறது.

என் வீட்டிலும் அதுதான் நடந்தது. திருமணமான ஆறாம் ஆண்டில், மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் என் கணவரிடம் ஒரு சிறு குப்பியைக் கொடுத்தார். எக்ஸ்ரே இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. அரை நாளில் முடிவு வந்தது. எண்ணிக்கை மிகக் குறைவு. கணவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மொதல்லயே பாத்திருக்கலாம்” என்றார். அவர் நல்ல மனிதர். ஆறு ஆண்டுகளாக அவருக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் விஷயம். குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழப் பாதியில் ஆணுக்குப் பங்கு இருக்கிறது என்பது மருத்துவ மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடம். அதை முதல் மாதத்தில் செய்யாமல் ஆறாம் ஆண்டில் செய்ய வைப்பது அறியாமை மட்டும் அல்ல. மலடி என்ற சொல் நம் நாவில் எவ்வளவு எளிதாகப் புரள்கிறது! மலடன் என்பதும் அகராதியில் இருக்கிறது. வாசல் திண்ணையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

*

ராயல் ஜெல்லியை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டபோது சற்று நேரம் எழுந்து நடந்தேன். பிறந்து ஒரு நாள் ஆன புழுக்களை ஊசி போன்ற ஒரு கருவியால் எடுத்து, செயற்கை ராணிக் கிண்ணங்களில் வைப்பார்கள். ராணி இல்லாத கூடு என்று நம்பும் தேனீக்கள் ஒவ்வொரு கிண்ணத்தையும் கூழால் நிரப்பும். மூன்றாம் நாள் சட்டத்தை வெளியே எடுத்து, இடுக்கியால் புழுவை எடுத்து எறிந்துவிட்டு, கூழை வழித்துக்கொள்வார்கள். ஒரு கிண்ணத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். என் மாத்திரைக்கு 1000 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. ஒரு மாத்திரைக்கு நான்கைந்து புழுக்கள். மூன்று மாதத்துக்கு நானூறு. ஒரு பிள்ளைக்காக நானூறு ராணிகளைப் பிறக்காமல் செய்திருக்கிறேன்.

வீசிங்கைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். ராயல் ஜெல்லியால் ஆஸ்துமா வந்து 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்ததை 1994இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கான எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிட வேண்டும் என்று அந்த நாடு விதித்தது. என் புட்டியில் கிரீடம் பெரிதாக இருந்தது. எச்சரிக்கை இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. பிள்ளை வேண்டும் என்று விழுங்குகிறவள் பொடி எழுத்தைப் படிப்பதில்லை.

இன்னொன்றும் படித்தேன். 2015இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மாவோ, ஷூலர், மே பெரன்பாம் மூவரும் வெளியிட்ட ஆய்வு, கேள்வியையே திருப்பிப் போட்டது. ராணிக்கு என்ன ஊட்டப்படுகிறது என்று மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? வேலைக்காரியாகும் புழு உண்ணும் மகரந்தத்திலும் தேனிலும் பி-கூமரிக் அமிலம் என்ற தாவரப் பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் அதைப் புழுக்களுக்குக் கொடுத்தபோது சூலக வளர்ச்சி குன்றியது. ராணியின் கூழில் அது இல்லை. அதாவது சூலகம் எல்லோருக்கும் வளரக்கூடியதே. பெரும்பாலோருக்கு அதை அடக்கிவைக்கும் உணவு கொடுக்கப்படுகிறது. கூட்டில் ராணி வெளிவிடும் மணமும் வேலைக்காரிகளின் சூலகத்தை அடக்கியே வைத்திருக்கிறது. ராணி தனியாக வரம் பெற்றவள் அல்ல. ஒரு கூட்டம் தன் வேலையைப் பிரித்துக்கொண்ட முறை அது.

அந்தக் கூழ் எங்கே சுரக்கிறது என்று சின்ன அத்தை சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பிறந்து சில நாட்களே ஆன இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலையில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து அது வருகிறது. முட்டையிடாத பெண்களின் உடம்பில் சுரப்பது. பிள்ளைப்பேற்றின் மருந்து என்று உலகம் விலை கொடுத்து வாங்குவது, பெறாதவர்கள் பிறர் குழந்தைக்கு ஊட்டும் உணவு.

இதைப் படித்த இரவு எனக்குப் பெரியம்மா நினைவு வந்தது. அம்மா டீச்சர் வேலைக்குத் திருமங்கலம் போய்வர, என்னை வளர்த்தது பெரியம்மாதான். அவருக்குப் பிள்ளை இல்லை. தெருவில் வளைகாப்புக்கு அழைத்தால் போக மாட்டார். அழைப்பவர்களும் அழுத்திச் சொல்ல மாட்டார்கள். நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்று, “நான் பெத்திருந்தா இவ்ளோ படிக்க வச்சிருப்பனான்னு தெரியல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு யாரும் பரிசோதனை செய்யவில்லை. பெரியப்பாவுக்கும் செய்யவில்லை. தீர்ப்பு மட்டும் இருந்தது.

2014இல் நாங்கள் சிகிச்சையை நிறுத்தினோம். குழந்தை பிறக்கவில்லை. இதைப் படிக்கும் யாராவது இப்போது ஒரு புட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விரும்பினால் சாப்பிடுங்கள், வீசிங் இருந்தால் வேண்டாம். ஆனால் முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்னால், அந்தச் சிறு குப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

காலிப் புட்டியை நான் எறியவில்லை. அதில் இப்போது பெரியம்மாவின் ஊசி நூல் இருக்கிறது.